குரூகரில் போர்வெல்களை ஏன் மூடினார்கள்?

கேள்வி இதுதான்: தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் விலங்குகளுக்காகப் போட்ட நூற்றுக்கணக்கான போர்வெல்களில் பெரும்பகுதியை நிர்வாகமே மூடிவிட்டதாமே, வறட்சியில் தண்ணீர் கொடுப்பதுதானே பாதுகாப்பு? முதுமலையில் கோடை வந்தால் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதுவும் தப்பா?

மூடியது உண்மை. காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னால், சவானா என்ற, மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளியில் புல் தின்னும் விலங்கு தாகத்தில் சாவது அபூர்வம், பசியில்தான் சாகிறது. தண்ணீரை எங்கே வைக்கிறோமோ அங்கே புல் முதலில் தீரும். பூங்கா முழுவதும் தண்ணீர் வைத்தால் பூங்கா முழுவதும் புல் ஒரே நேரத்தில் தீரும். அதன் பிறகு விலங்குக்குப் போக இடம் இருக்காது. இதை உணர்ந்துகொள்ள அவர்களுக்கு ஏறக்குறைய அறுபது வருடம் பிடித்தது.

முதலில் ஒரு திருத்தம். அங்கே வறண்ட காலம் கோடை கிடையாது, குளிர்காலம். மழை அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை பெய்யும். மே முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய சொட்டு மழை இருக்காது. பூங்கா தெற்கு வடக்காக 360 கி.மீ. நீளம், கிழக்கு மேற்காகச் சராசரி 65 கி.மீ. அகலம், பரப்பு சுமார் 19,500 சதுர கி.மீ. தென்மேற்கு மூலையில் ஆண்டுக்கு 700 மி.மீ.க்கு மேல் பெய்யும் மழை, வடக்கே போகப்போக 450 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். குரோக்கடைல், சாபி, ஒலிஃபன்ட்ஸ், லெட்டாபா, லுவுவு என்று பெரிய ஆறுகள் எல்லாமே மேற்கேயிருந்து கிழக்கே, பூங்காவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருப்பவை மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைகளும், மழை நின்ற சில வாரங்களில் வற்றிவிடும் ஆழமற்ற குட்டைகளும்தான். வடக்கில் இந்த இடைவெளிகள் மிகப் பெரியவை.

வேலி போடுவதற்கு முன்னால், விலங்குகள் இந்தச் சிக்கலை நடந்தே தீர்த்துக்கொண்டன. மழைக்காலத்தில் உள்பகுதிப் புல்வெளிகளில் பரவும், வறண்டதும் ஆற்றுக்கோ மேற்கே பூங்கா எல்லைக்கு வெளியே உள்ள நிலத்துக்கோ போகும். 1960-ஐ ஒட்டி மேற்கு எல்லையில் வேலி எழுந்தது. கோமாரி நோய்தான் முக்கியக் காரணம்: ஆப்பிரிக்க எருமை அந்தக் கிருமியை நோய்வாய்ப்படாமலே சுமக்கும், வெளியே பண்ணை மாடுகளுக்குத் தொற்றினால் மாட்டிறைச்சி ஏற்றுமதியே நின்றுவிடும். 1970-களில் மொசாம்பிக் பக்கமும் வேலி வந்தது. மேற்கே போய்த் திரும்பிக்கொண்டிருந்த வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனத்தின் கூட்டங்கள் வேலியில் முட்டி நின்று, சில ஆண்டுகளில் எண்ணிக்கையில் சரிந்தன.

வழியை அடைத்துவிட்டோம், தண்ணீரையாவது கொடுப்போம் என்பதுதான் அன்றைய நியாயம். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. 1930-களிலேயே தொடங்கிய போர்வெல் திட்டம் 1960-களின் வறட்சிக்குப் பிறகு வேகம் பிடித்தது. உச்சத்தில் 300-க்கும் மேற்பட்ட போர்வெல்கள், பெரும்பாலும் காற்றாடிப் பம்புகளோடு. கூடவே சுமார் 50 அணைகள்.

இந்த எண்ணிக்கையை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 19,500-ஐ 300-ஆல் வகுத்தால் 65. அதாவது 65 சதுர கி.மீ.க்கு ஒரு தண்ணீர்த் துறை. சமமாகப் பரப்பியிருந்தால் ஒன்றுக்கொன்று 8 கி.மீ. தூரம். நான்கு தொட்டிகளுக்கு நட்டநடுவில் நின்றாலும் அருகிலுள்ள தண்ணீர் 6 கி.மீ.க்குள் இருக்கும். ஆறுகளையும் அணைகளையும் சேர்த்தால் தூரம் இன்னும் குறையும். நடைமுறையில் இவ்வளவு சமமாகப் பரப்பவில்லை, ஆனாலும் போக்கு புரியும்.

இப்போது விலங்குகளின் தண்ணீர்த் தேவையைப் பாருங்கள். எருமை அநேகமாகத் தினமும் குடிக்க வேண்டும். வரிக்குதிரையும் வில்டபீஸ்டும் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். இம்பாலா மான் தண்ணீரை விட்டு அதிக தூரம் போகாது. ரோன், சேபிள் என்ற பெரிய மான்கள் இரண்டு மூன்று நாள் தாங்கும், அதனால் தண்ணீரிலிருந்து தள்ளியே மேயும். ஸ்டீன்பாக் போன்ற சின்ன மான்களுக்கு இலையில் உள்ள ஈரமே போதும். ஆக, தண்ணீரிலிருந்து 10 கி.மீ. தள்ளியிருக்கும் நிலம் வறண்ட காலத்தில் வரிக்குதிரைக்கு எட்டாத நிலம். அங்கே புல் நின்றபடியே காயும். அதுதான் காட்டின் சேமிப்பு. சேமிப்பின் நடுவில் ஒரு போர்வெல் போட்டால், முதல் வருடமே அது செலவாகிவிடும்.

இதற்குக் குரூகரிலிருந்து சொல்லப்படும் சாட்சி ரோன் மான். பூங்காவின் வடகிழக்கில் பசால்ட் என்ற எரிமலைப் பாறைமேல் கருங்களிமண் படிந்த சமவெளி இருக்கிறது. உயரமான புல், குறைவான தண்ணீர், அதனால் குறைவான கூட்டம். ரோனுக்கு அது தோதான இடம். ரோன் பசு ஈன்றதும் கன்றைச் சில வாரங்கள் உயரமான புல்லில் மறைத்து வைத்துவிட்டு, மந்தையோடு மேய்ந்து, பால் கொடுக்க மட்டும் வந்து போகும். அந்தச் சமவெளியில் தொட்டிகள் வந்ததும் வரிக்குதிரையும் வில்டபீஸ்டும் வருடம் முழுவதும் தங்கத் தொடங்கின. அவற்றின் பின்னாலேயே சிங்கம் வந்தது. புல் குட்டையானதால் கன்று ஒளிய இடமில்லை. சிங்கம் வரிக்குதிரையை நம்பி நிலையாகத் தங்கிவிட்டதால் ரோனும் போகிறபோக்கில் அதற்கு இரையானது. 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் வறட்சி வேறு சேர்ந்துகொண்டது. 1986-ல் சுமார் 450 ஆக இருந்த ரோன், 1993-ல் சுமார் 45.

சிங்கம் மிகக் குறைவாகவே தின்றிருந்தாலும், ஒரு மந்தையில் ஆண்டுக்கு ஓரிரு வளர்ந்த பசுக்கள் கூடுதலாகப் போனால் போதும். பத்துப் பன்னிரண்டு உருப்படி உள்ள மந்தை எழவே எழாது. வேட்டைவிலங்குக்கு முக்கிய இரை வேறொன்றாக இருந்தால், அபூர்வமான இரை குறைந்துபோவதால் அதற்கு நட்டமே இல்லை. வரிக்குதிரை இருக்கும்வரை அது அங்கேயே இருக்கும். இந்த நுணுக்கத்தைக் கவனிக்காமல், 'ரோனுக்குத் தண்ணீர் பற்றாது' என்று மேலும் தொட்டி கட்டியிருந்தால் மிச்சமும் போயிருக்கும்.

1994-ல் அந்தப் பகுதியில் 12 தண்ணீர்த் துறைகளை மூடினார்கள். வரிக்குதிரை விலகியது, புல் எழுந்தது. ரோன் மட்டும் மீளவில்லை. திறந்தது தப்பென்றால் மூடினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒரு எண்ணிக்கைக்குக் கீழே போன கூட்டத்தைச் சூழலைத் திருத்தி மட்டும் மீட்க முடியாது. அந்தச் சமவெளியிலேயே 1967-ல் ரோனுக்காக வேலியடைத்து வைத்த சுமார் 300 ஹெக்டேர் அடைப்பு ஒன்று உண்டு, நவாஷிட்ஷும்பே என்று பெயர். உள்ளே சிங்கமும் வரிக்குதிரையும் யானையும் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செடிகொடிகளை ஒப்பிட்டுப் பார்க்க அது பிற்காலத்தில் நல்ல பரிசோதனைக் களமாகவும் ஆகிவிட்டது.

1982–83 வறட்சி இன்னொரு பாடம். குரூகரை ஒட்டிய கிளாசரி தனியார் காப்பகத்தில் பூங்காவைவிட மிக நெருக்கமாகத் தண்ணீர்த் துறைகள் இருந்தன. மழை பொய்த்தபோது தண்ணீர் அங்கே தீரவில்லை. ஆனால் புல் தின்னும் விலங்குகளின் சாவு குரூகரைவிடப் பல மடங்கு கடுமையாக இருந்தது. நிரம்பிய தொட்டிக்குப் பக்கத்திலேயே எலும்பும் தோலுமாக விழுந்து கிடந்தன. நல்ல மழை ஆண்டுகளில் எண்ணிக்கை எகிறியிருந்தது, ஒதுக்கிடமாகப் புல் எங்கும் மிச்சமில்லை. கென்யாவின் சாவோ தேசியப் பூங்காவில் 1970–71-ல் கிட்டத்தட்ட 6,000 யானைகள் இறந்தபோதும் இதே கதைதான். பெரும்பாலும் பெண் யானைகளும் குட்டிகளும். குட்டியோடு இருக்கும் யானை ஆற்றைவிட்டு அதிக தூரம் போக முடியாமல், ஆற்றோரத்தில் எல்லாம் தின்று தீர்ந்த பிறகு பட்டினியில் விழுந்தன. ஆண் யானைகள் தூரம் போய்த் தப்பித்தன.

யானையைப் பற்றித் தனியாகப் பேசியாக வேண்டும், ஏனென்றால் குரூகரின் தண்ணீர் விவாதம் பாதிக்குமேல் யானை விவாதம். 1967 முதல் 1994 வரை பூங்கா யானை எண்ணிக்கையைச் சுமார் 7,000 அளவில் நிறுத்த, ஆண்டுதோறும் சுட்டுக் குறைத்தது. எதிர்ப்பு வலுத்து அது நின்றது. பிறகு எண்ணிக்கை கூடிக்கொண்டே போய் 20,000-ஐத் தாண்டிவிட்டது. 2008-ல் வந்த அரசு விதிமுறை சுடுவதைக் கடைசி வழியாக மறுபடி அனுமதித்தாலும் குரூகர் அதைக் கையில் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக எடுத்த வழிகளில் தண்ணீரைக் குறைப்பது முக்கியமானது.

அதன் தர்க்கம் இப்படி: பெரிய யானை ஒருநாளைக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும், 150 கிலோ அளவுக்குத் தின்னும். தண்ணீர் எங்கும் இருந்தால் குட்டி அதிகம் நடக்க வேண்டாம்; தாய்க்கு உடம்பு தேறும், குட்டி பிழைக்கும், அடுத்த ஈற்றும் சீக்கிரம் வரும். சினைக்காலமே 22 மாதம் என்பதால் ஈற்றுக்கு இடையில் ஒரு வருடம் கூடினாலும் வளர்ச்சி விகிதம் கணிசமாக இறங்கும். தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் இடையே தூரம் கூடினால் இது தானாக நடக்கும் என்பது எதிர்பார்ப்பு. மரங்களுக்கும் ஓய்வு கிடைக்கும். மரூலா, நாப்தார்ன் போன்ற பெரிய மரங்களை யானை தள்ளிச் சாய்க்கும், பட்டையை உரிக்கும். உரித்த இடத்தில் பின்னால் வரும் தீ உள்ளே புகுந்து மரத்தை முடித்துவிடும். தண்ணீருக்கு எட்டாத இடங்களில் பெரிய மரம் தப்பிக்க வாய்ப்பு உண்டு.

எதிர்பார்த்தது முழுக்க நடந்ததா? என் கணிப்பில் பாதிகூட இல்லை. வற்றாத ஆறுகள் இருக்கும் பூங்காவில் போர்வெல்லை மூடினால் யானை ஆற்றுக்குப் போகும். ஆற்றோர மரங்களுக்குச் சுமை கூடும். இதைவிடப் பெரிய ஓட்டை மேற்கு எல்லை. சாபி சாண்ட், டிம்பவாட்டி, கிளாசரி முதலிய தனியார் காப்பகங்களுக்கும் பூங்காவுக்கும் இடையிலான வேலி 1990-களின் முற்பாதியில் அகற்றப்பட்டது. அங்கே விடுதி வாசலில் யானை வந்து தண்ணீர் குடிப்பதைத்தான் விருந்தினர் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். பூங்கா ஒன்றை மூட, பக்கத்துவீட்டில் ஒன்று திறந்திருக்கிறது. தண்ணீர்க் கொள்கையை வேலி இல்லாத மொத்த நிலத்துக்கும் சேர்த்துப் போடாவிட்டால் பயன் பாதிதான்.

நோய்ப் பக்கமும் உண்டு. தேங்கிய தண்ணீரும் கூட்டமும் சேர்ந்த இடம் அடைப்பான் நோய்க்குத் தோது. குரூகரின் வடக்கில் இந்த ஆந்த்ராக்ஸ் இயற்கையாகவே அவ்வப்போது வெடிக்கும். செத்த உடலைத் தின்ற கழுகுகள் குளிக்கவும் குடிக்கவும் தண்ணீருக்கு வரும். பிணத்தில் மொய்த்த ஈக்கள் பக்கத்துப் புதர்களில் உட்கார்ந்து கக்கும். அந்த உயரத்து இலையைத் தின்னும் குடு மான்தான் அதிகம் மாட்டும். நேரே புல் மேயும் விலங்கைவிடக் குடு அதிகமாகச் சாவதைப் பார்த்துக் குழம்புபவர்களுக்கு விடை இந்த ஈயில் இருக்கிறது.

அணைகளில் வேறு தொல்லை. ஆற்றில் பரவியிருக்க வேண்டிய நீர்யானைகள் ஒரு சின்ன அணையில் அடைந்து கிடக்கும். இரவெல்லாம் மேய்ந்து பகலெல்லாம் தண்ணீரில் சாணம் போடும். ஓட்டமில்லாத தண்ணீரில் இந்த உரம் சேர்ந்தால் நச்சு நீலப்பச்சைப் பாசி படரும். குடிக்கும் விலங்கின் கல்லீரலைத் தாக்கும். 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பூங்காவின் தென்கிழக்கில் உள்ள நிலாங்கன்ஸ்வானி அணையில் வரிக்குதிரை, வில்டபீஸ்ட், காண்டாமிருகம் என்று சாவுகள் நடந்தது இப்படித்தான். காற்று அடிக்கும் திசையில் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் கரையில் படலம் ஒதுங்கியிருந்தால் அது எச்சரிக்கை. பாசிக்கு மருந்து போடுவது இங்கே தீர்வாகாது. செல்கள் வெடித்து நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் கலக்கும். கரையை உடைத்து நீரை வெளியேற்றுவதே சரி.

மூடுவது என்றால் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போவது இல்லை. வறட்சியின் நடுவில் மூடினால், அந்தத் தொட்டியையே நம்பிய தாய் விலங்குகள் பழக்கத்தில் அங்கேயே வந்து நின்று மெலியும். அதனால் மழை தொடங்கி, குட்டைகள் நிரம்பி, விலங்குகள் தாமாகக் கலைந்த பிறகு மூட வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் ஒன்றுவிட்டு ஒன்று என்று எடுப்பதைவிட, ஒரு பகுதியை மொத்தமாகக் காலி செய்வது நல்லது. முன்னதில் தொட்டிகளைச் சுற்றிய மேய்ச்சல் வட்டங்கள் தொடர்ந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கும், தண்ணீரற்ற நிலம் உருவாகவே உருவாகாது. 5 கி.மீ. ஆரமுள்ள ஒரு வட்டமே 78 சதுர கி.மீ. என்பதை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். காற்றாடியைக் கழற்றி, குழாய் வாயை மூடியிட்டு, சிமென்ட் தொட்டியை உடைத்து அள்ளிவிட வேண்டும். காலித் தொட்டியில் மழைநீர் தேங்கி ஆமையும் சின்ன விலங்குகளும் விழுந்து மாட்டுவது வழக்கம். தொட்டியைச் சுற்றி நூறு இருநூறு மீட்டருக்கு மிதிபட்டு மொட்டையான வளையம் இருக்கும். சோடியம் மிகுந்த மண் என்றால் அங்கே மேல்மண் இறுகி, மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடும். பத்தாண்டு ஆனாலும் புல் பிடிக்காது. முள்கிளைகளை வெட்டிப் பரப்பிவைத்தால் விதையும் ஈரமும் தங்க ஓரளவு வழி கிடைக்கும்.

வைத்திருக்கும் தொட்டிகளிலும் கவனம் வேண்டும். மணிக்கு 1,000 லிட்டர் தரும் போர்வெல்லுக்கு 60 யானைகள் வந்தால், ஒருவேளைத் தண்ணீரை ஈடுசெய்ய ஆறு மணி நேரம் ஓட வேண்டும். அதற்குள் ஆண் யானை ஒன்று துறையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை நெருங்க விடாது. தொட்டி காலியானால் யானை குழாயைத் தோண்டி எடுக்கும், மிதவை வால்வைப் பிடுங்கும். குழாயை ஆழமாகப் புதைத்து மேலே பெரிய கற்களை அடுக்கினால்தான் நிற்கும். யானைக்குத் தெளிந்த நீர் பிடிக்கும் என்பதால், கீழ்த் தொட்டியை விட்டுவிட்டு உயரமான சேமிப்புத் தொட்டியில் துதிக்கையை விடும். சுவர் உயரம் சரியில்லை என்றால் குட்டி உள்ளே விழுந்து மூழ்கும்.

எல்லாப் பூங்காவுக்கும் 'மூடு' என்று ஒரே மருந்து எழுத முடியாது. ஜிம்பாப்வேயின் ஹுவாங்கேயைப் பாருங்கள். 1928-ல் காப்பகமானபோது அங்கே யானைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்பது அன்றைய கணிப்பு. சுமார் 14,600 சதுர கி.மீ. பரப்பு, அதில் பெரும்பகுதி கலஹாரி மணல், வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. போர்வெல் போட்டுத்தான் விலங்குகளைத் தங்க வைத்தார்கள். இன்று 40,000-க்கும் மேற்பட்ட யானைகள் அந்தப் பம்புகளை நம்பி நிற்கின்றன. டீசல் தட்டுப்பாடோ பம்புப் பழுதோ வந்தால் அங்கே நேரடியாகவே சாவு. 2019 வறட்சியில் நாட்டின் பூங்காக்களில் 200-க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன, பெரும்பாலும் ஹுவாங்கேயில். அங்கே இப்போது சூரியசக்திப் பம்புகளை நிறுவுகிறார்கள். தொடங்கிவிட்ட செயற்கையை நிறுத்தவும் முடியாமல், கூட்டவும் முடியாமல் நிற்கும் நிலை அது.

குரூகருக்கு உண்மையான தண்ணீர் ஆபத்து போர்வெல்லில் இல்லை, ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. ஒலிஃபன்ட்ஸ் ஆறு நிலக்கரிச் சுரங்கங்கள், மின்நிலையங்கள், பாசன வயல்கள் எல்லாவற்றையும் தாண்டித்தான் பூங்காவுக்குள் நுழைகிறது. வற்றாத ஆறு என்று பெயரெடுத்த அது 2005-ல் ஓட்டம் நின்றுபோனது. 2008-ல் அதன் மலையிடுக்குப் பகுதியில் 170-க்கும் மேற்பட்ட முதலைகள், உடற்கொழுப்பு இறுகி அழலும் ஒரு நோயில் செத்து மிதந்தன. தென்னாப்பிரிக்காவின் 1998 தண்ணீர்ச் சட்டம், ஆற்றின் உயிர்ச்சூழலுக்கு வேண்டிய அளவை ஒதுக்கிவிட்டுத்தான் பிறருக்குப் பங்கிட வேண்டும் என்கிறது. பூங்கா அதிகாரிகள் இன்று ஆற்று ஓட்டத்தை அளந்து, மேலே உள்ள அணைகளோடு தண்ணீர் திறப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது அந்தச் சட்டத்தின் பலத்தில்தான்.

இனி முதுமலை. அங்கே நடப்பது அளவிலும் நோக்கிலும் வேறு; கோடையின் சில வாரங்களுக்குச் சில தொட்டிகள், விலங்குகள் ஊருக்குள் இறங்காமல் தடுக்க. அதைக் குரூகரின் 300 போர்வெல்லோடு ஒப்பிட்டுக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் தொட்டி வைக்கும் முன் கேட்க வேண்டியவை அதேதான்: அந்தத் தொட்டியிலிருந்து 5 கி.மீ. தூரத்துக்குள் கோடையில் தின்ன என்ன மிச்சம் இருக்கிறது, லாண்டானா என்ற உண்ணிச்செடி மூடிய பிறகு புல் எவ்வளவு, மாயாறு போன்ற இயற்கைத் துறைக்குப் போகும் பாதை திறந்திருக்கிறதா? பாதை அடைபட்டதால்தான் தொட்டி தேவைப்படுகிறது என்றால், லாரிக்கு ஆகும் செலவை வருடாவருடம் எழுதிவைத்துப் பாதையைத் திறக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மழை இறங்கியதும் தொட்டியைக் காலி செய்துவிடுகிறார்களா என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் தவறுவது அங்கேதான்.